அம்மாவின் நீர்க்கடுப்புக்கு ‘பவர்’ குறைந்த மாத்திரையா கொடுத்தார்கள்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 64 வயது அம்மாவுக்கு மூன்று நாளாக நீர்க்கடுப்பு, கூடவே சர்க்கரையும் உண்டு. மருத்துவர் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்த்துவிட்டு நைட்ரோஃபுரான்டோயின் மாத்திரையை 5 நாளுக்கு எழுதியிருக்கிறார். போன வருடம் அப்பா நிமோனியாவில் படுத்திருந்தபோது மெரோபெனம் ஊசி போட்டுத்தான் தேறினார். அதனால் அம்மாவுக்கும் அந்த மாதிரி பவர் கூடின மருந்தைக் கொடுக்காமல் ஏதோ ஒரு பழைய மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்களே என்று உங்களுக்குக் கவலை. வீட்டில் மூன்று அசித்ரோமைசின் மிச்சம் இருக்கிறது, அதைக் கொடுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு கேள்விக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: ஆன்டிபயாடிக்குகளைப் பவர் குறைந்தது, நடுத்தரம், கூடியது என்று ஏணிப்படி மாதிரி அடுக்க முடியுமா? முடியாது. ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் நுண்ணுயிரியல் மருத்துவர். 22 ஆண்டுகளாக மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறேன். நோயாளியின் கட்டிலருகே இருக்கும் நேரத்தைவிடக் கல்ச்சர் தட்டுகளோடு இருக்கும் நேரம்தான் எனக்கு அதிகம். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை. எனவே இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவர் ஏன் அந்த மாத்திரையைத் தேர்ந்திருப்பார் என்பதற்கான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆன்டிபயாடிக் நம் உடம்பைக் கெடுக்காமல் கிருமியை மட்டும் அடிக்க வேண்டும் என்றால், கிருமியிடம் இருக்கும், ஆனால் நம்மிடம் இல்லாத ஏதோ ஒன்றை அது பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவற்றில் முதலாவது கிருமியின் சுவர். மனித செல்லுக்குச் சுவர் கிடையாது, மெல்லிய சவ்வு மட்டும்தான். பாக்டீரியாவைச் சுற்றிக் கயிற்றுக் கட்டில் பின்னலைப் போல நெருக்கமான ஒரு வலை இருக்கிறது. கிருமி இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அந்தப் பின்னலை அவிழ்த்து மறுபடி முடிய வேண்டும். முடிச்சுப் போடும் நொதியின் கையைப் பிடித்துக்கொள்வதுதான் பென்சிலினின் வேலை. அவிழ்ப்பது நடந்துகொண்டே இருக்கும், முடிச்சு மட்டும் விழாது. உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் கிருமி வெடித்துப்போகும். அமாக்ஸிசிலின், செஃபலெக்ஸின், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன், உங்கள் அப்பாவுக்குப் போட்ட மெரோபெனம் எல்லாம் இந்த ஒரே குடும்பம். ‘பழைய’ அமாக்ஸிசிலினும் ‘பெரிய’ மெரோபெனமும் செய்வது ஒரே வேலைதான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? எதிர்ப்பில் இருக்கிறது. பல கிருமிகள் பென்சிலின் மூலக்கூறில் இருக்கும் வளையத்தை உடைத்துப்போடும் நொதிகளைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டன. அமாக்ஸிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்து வருகிறதே, அந்த அமிலம் முன்னால் போய் நொதியிடம் தானே மாட்டிக்கொண்டு மருந்தைத் தப்பவிடும். மெரோபெனத்தை அந்த நொதிகளில் பெரும்பாலானவற்றால் உடைக்க முடியாது. அதன் மதிப்பு அவ்வளவுதான். அதையும் உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. 2008இல் இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் முதலில் கண்டார்கள், என்டிஎம் என்று பெயர். 2010இல் வெளியான ஆய்வு அதைச் சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த கிருமிகளில் காட்டியது. அந்த நொதி உள்ள கிருமிக்கு மெரோபெனம் வெறும் தண்ணீர். எதிர்ப்பக்கமும் பாருங்கள். தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் என்ற கிருமி, 80 ஆண்டுக்கும் மேலாகப் பென்சிலினைச் சந்தித்தும் இன்றுவரை அதை எதிர்க்கக் கற்கவில்லை. அந்தத் தொண்டைப்புண்ணுக்குப் பழைய பென்சிலினைவிட மெரோபெனம் ஒரு துளிகூட மேலானது இல்லை.

சுவரை அடிக்கும் மருந்து சுவரே பெரிதாக இல்லாத கிருமியிடம் என்ன செய்யும்? இதை நான் மறக்க முடியாதபடி பார்த்தது ஒரு மார்கழி மாதத்தில். ஆடு மேய்க்கும் ஒரு அம்மா, நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒன்பது நாள் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. முதலில் பார்த்த இடத்தில் 4 நாள் செஃப்ட்ரியாக்ஸோன், பிறகு ‘பவரை ஏற்றி’ 2 நாள் மெரோபெனம் போட்டிருந்தார்கள். காய்ச்சல் அசையவே இல்லை. ரத்தக் கல்ச்சர் எங்கள் ஆய்வகத்தில் மூன்றாவது நாளாக ஒன்றும் வளராமல் கிடந்தது. வார்டுக்குப் போய் அந்த அம்மாவை முழுதாகப் பரிசோதிக்கச் சொன்னேன். பாவாடை நாடா கட்டும் இடத்தில், நாடாவின் தழும்புக்குள்ளேயே ஒளிந்து, பீடி சுட்டது போன்ற ஒரு கறுப்புப் பொருக்கு. ஓரம் சிவந்திருந்தது, தொட்டால் வலி இல்லை. அங்கே ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஸ்க்ரப் டைஃபஸ், நம் ஊர்ப் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது. புதரில் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. அந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும், சாதாரணக் கல்ச்சரில் வளராது, பென்சிலின் குடும்பத்தில் எந்த மருந்தும் அதை ஒன்றும் செய்யாது. டாக்ஸிசைக்ளின் தொடங்கினார்கள். சில ரூபாய்க்குக் கிடைக்கும் மருந்து. இரண்டாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கி, அந்த அம்மா கஞ்சி கேட்டார்.

டாக்ஸிசைக்ளின் பிடிக்கும் இடம் வேறு. ஒவ்வொரு செல்லிலும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற சிறு பட்டறை இருக்கிறது. பாக்டீரியாவின் பட்டறையும் நம்முடையதும் அமைப்பில் வேறுபடும், அந்த வேறுபாட்டில்தான் இந்த மருந்துகள் நுழைகின்றன. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின், கிளிண்டாமைசின், லினெசோலிட், ஜென்டாமைசின், அமிகாசின் எல்லாம் இங்கே வேலை செய்பவை, ஆனால் ஆளுக்கு ஒரு மூலையில். ஜென்டாமைசினும் அமிகாசினும் கிருமிக்குள் நுழையவே ஆக்சிஜன் வேண்டும். காற்றில்லாத சீழ்க்கட்டிக்குள் அவை பயன்படாது, சிறுநீரகத்தையும் காதையும் வேறு பதம் பார்க்கும். நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் பட்டறை பாக்டீரியாவுடையதைப் போலவே இருப்பதால், லினெசோலிட் போன்றவற்றை வாரக்கணக்கில் கொடுத்தால் ரத்த அணுக்கள் குறையும். கிருமியை மட்டும் அடிக்கிறோம் என்று மேலே சொன்னேனே, அது முழு உண்மை இல்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

உங்கள் வீட்டில் மிச்சம் இருக்கும் அசித்ரோமைசினும் இந்தக் கூட்டம்தான். அதன் தனிக்குணம் ரத்தத்தில் தங்காமல் செல்களுக்குள் போய்ப் பதுங்குவது. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 3 நாள் ஆகும், அதனால்தான் மூன்று அல்லது ஐந்து நாள் கொடுத்தாலே போதும் என்கிறார்கள். டைஃபாய்டு கிருமி செல்லுக்குள் ஒளிவது, எனவே அங்கே அசித்ரோமைசின் நன்றாக வேலை செய்யும். அந்த டைஃபாய்டு கிருமிக்குச் சொந்தக்காரன்தான் நீர்க்கடுப்புக்கு மிகப் பெரும்பாலும் காரணமான ஈ கோலி. ஆனால் அது இருக்கும் இடம் சிறுநீர்ப்பை. அசித்ரோமைசின் சிறுநீரில் கொஞ்சம்தான் இறங்கும். உறவுக்காரக் கிருமிகள் இரண்டு, ஒன்றுக்குச் சரியான மருந்து மற்றதற்கு உதவாது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்: கொடுக்காதீர்கள். மூன்று நாள் வீணாகும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த மூன்று நாளில் தொற்று மேலேறிச் சிறுநீரகத்துக்குப் போய்விடலாம்.

மற்ற வகைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் ஆகியவை கிருமியின் டிஎன்ஏ முறுக்கை அவிழ்த்துக் கட்டும் நொதியைப் பிடிப்பவை. நல்ல மருந்துகள், ஆனால் நம் நாட்டில் அளவில்லாமல் கொடுத்து ஈ கோலியிடமும் டைஃபாய்டிடமும் பெரும்பாலும் தோற்றுவிட்டன. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாரைக்கூட அவை அறுக்கலாம், முக்கியமாக வயதானவர்களுக்கு. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதியைப் பிடிக்கிறது. சல்ஃபா மருந்துகள் 1930களிலேயே, பென்சிலின் மருந்தாகக் கைக்கு வரும் முன்பே வந்தவை. கிருமி தனக்கான ஃபோலிக் அமிலத்தைத் தானே சமைத்துக்கொள்கிறது, நமக்கு அது கீரையிலும் பயறிலும் கிடைக்கிறது. அந்தச் சமையலைக் கெடுப்பதுதான் சல்ஃபா. மெட்ரோனிடசோல் காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிக்குள் போனால்தான் நஞ்சாக மாறும். பல் சீழுக்கும் அமீபா பேதிக்கும் அது வேலை செய்யும், சாதாரண நிமோனியாவுக்குச் செய்யாது. கோலிஸ்டின் கிருமியின் சவ்வைச் சோப்பு மாதிரி கரைப்பது, சிறுநீரகத்தைப் பாதிக்கும், வேறு எதுவும் கேட்காதபோது எடுப்பது. அப்படிக் கடைசிக்கு என்று வைத்திருக்கும் மருந்தைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019இல் இந்திய அரசு அதைத் தடை செய்தது. அந்த உத்தரவு வந்த அன்று நான் உண்மையாகவே நிம்மதியாகத் தூங்கினேன்.

இனி உங்கள் அம்மாவின் மாத்திரை. நைட்ரோஃபுரான்டோயின் 1950களிலிருந்து இருக்கிறது. விழுங்கியதும் குடல் அதை உறிஞ்சும், ரத்தத்தில் தங்காமல் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ரத்தத்தில் மருந்து இல்லாததுபோலத்தான், சிறுநீரிலோ ஏராளம். அங்கே கிருமிக்குள் போனதும் கிருமியின் நொதிகளே அதை உடைத்து நஞ்சாக்கிக்கொள்ளும். அந்த நஞ்சு டிஎன்ஏ, புரதம், ரைபோசோம் என்று பல இடங்களை ஒரே சமயத்தில் தாக்குகிறது. இத்தனை பக்கத்திலிருந்து அடி விழுவதால்தான் 70 ஆண்டு ஆகியும் ஈ கோலி அதைச் சுலபமாக எதிர்க்கக் கற்கவில்லை என்பது பொதுவான விளக்கம். மெரோபெனம் போட்டாலும் அந்த ஈ கோலி சாகும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அம்மாவை ஊசிக்காகப் படுக்க வைக்க வேண்டும், குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் துடைத்துவிட வேண்டும், பிழைத்து நிற்பவை எதிர்ப்புள்ளவையாக இருக்கும். நைட்ரோஃபுரான்டோயின் சிறுநீர்ப்பைக்கு மட்டும் போகிறது என்பதே அதன் பலம். அதன் குறையும் அதுவேதான். தொற்று சிறுநீரகத்துக்கோ ரத்தத்துக்கோ போய்விட்டால் அது கைகொடுக்காது. புரோட்டியஸ், சூடோமோனாஸ் என்ற இரண்டு கிருமிகளுக்கும் அது இயல்பிலேயே பயன்படாது.

கல்ச்சர் அறிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பவர்’ என்ற எண்ணம் பலருக்கும் அங்கிருந்துதான் வருகிறது. சென்சிடிவிட்டி, அதாவது எந்த மருந்து அந்தக் கிருமியிடம் வேலை செய்யும் என்று பார்ப்பது இப்படித்தான். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் ஊற்றிய தட்டில் அம்மாவின் கிருமியைப் பஞ்சுக் குச்சியால் மெழுகுவதுபோல் பரப்புவோம். அதன்மேல் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித வட்டுகளை வைப்போம், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. இரவு முழுவதும் 35 டிகிரியில் வைத்தால் மறுநாள் காலையில் தட்டெங்கும் கிருமி பனி படிந்ததுபோல் வளர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த வட்டைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் தெரியும். அந்த வளையத்தை ஸ்கேல் வைத்து அளப்போம். இங்கே கவனியுங்கள். சிப்ரோஃப்ளாக்ஸசினைச் சுற்றி 20 மில்லிமீட்டர் வளையம் என்றால், நாங்கள் பின்பற்றும் அமெரிக்க அளவுகோலின்படி அந்தக் கிருமி எதிர்ப்புள்ளது, மருந்து வேலை செய்யாது. அதே தட்டில் நைட்ரோஃபுரான்டோயினைச் சுற்றி அதே 20 மில்லிமீட்டர் என்றால் மருந்து நன்றாக வேலை செய்யும், அதற்கு 17 போதும். ஒவ்வொரு மருந்தும் அகரில் பரவும் வேகம் வேறு, வட்டில் இருக்கும் அளவு வேறு, உடம்பில் சேரும் அளவு வேறு. வளையங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எது பெரிது என்று பார்ப்பதில் பொருளே இல்லை. அறிக்கையில் எஸ் (சென்சிடிவ்) என்று ஏழு மருந்து இருந்தால் ஏழும் அந்தக் கிருமியிடம் வேலை செய்யும் என்று மட்டும்தான் அர்த்தம். அவற்றில் எது அம்மாவின் சிறுநீரகத்துக்கு ஏற்றது, எது குறைந்த சேதத்தோடு வேலையை முடிக்கும் என்று பார்ப்பது மருத்துவரின் வேலை.

இதுவரை எழுதியவற்றில் மருந்து எந்த இடத்தைப் பிடிக்கிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்பவை உறுதியானவை. சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் இவற்றில் ஒன்றும் உதவாது என்பதும் உறுதி. வைரஸுக்குச் சுவரும் இல்லை, பட்டறையும் இல்லை, பிடிக்க ஒன்றுமே இல்லை. உறுதி குறைந்தவையும் உண்டு. கிருமியைக் கொல்லும் மருந்து உசத்தி, வளர்ச்சியை நிறுத்தும் மருந்து மட்டம் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லித்தந்தார்கள். நோயாளிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலான தொற்றுகளுக்கு அந்த வேறுபாடு பலனில் தெரியவில்லை. இதயவால்வுத் தொற்று, மூளைக்காய்ச்சல் போன்ற சிலவற்றில்தான் நாங்கள் இன்னும் கொல்லும் மருந்தையே விரும்புகிறோம். எத்தனை நாள் கொடுப்பது என்பதும் அப்படித்தான். காசநோய்க்கு மாதக்கணக்கில் கொடுப்பதும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண்ணுக்கு வாதக்காய்ச்சல் வராமலிருக்கப் பென்சிலினை 10 நாள் கொடுப்பதும் நல்ல ஆதாரம் உள்ளவை. மற்ற பலவற்றில் 7, 10, 14 என்ற எண்கள் பழக்கத்தால் வந்தவை. சாதாரண நிமோனியாவுக்கு 5 நாள் போதும் என்று இப்போது காட்டியிருக்கிறார்கள். சர்க்கரை உள்ள பெண்ணின் நீர்க்கடுப்புக்கு 5 நாளா 7 நாளா என்பதில் நல்ல மருத்துவர்களே இரண்டு விதமாகச் சொல்வார்கள், இரண்டுமே தவறில்லை. சேர்த்துக் கொடுப்பது நல்லதா என்பதற்கும் ஒரே விடை கிடையாது. ஈ கோலி நீர்க்கடுப்புக்கு இரண்டு மருந்து தேவையே இல்லை. கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கோ, டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று இந்தியாவிலேயே பல மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. அது வந்தபிறகு நானே என் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

மிச்சமிருக்கும் அந்த அசித்ரோமைசின் அட்டையை எடுத்துப் பாருங்கள், ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது, சாப்பிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. உலக சுகாதார நிறுவனம் 2017இலிருந்து ஆன்டிபயாடிக்குகளை மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது: முதலில் எடுக்க வேண்டியவை, கண்காணித்துக் கொடுக்க வேண்டியவை, கடைசிக்காகச் சேர்த்து வைக்க வேண்டியவை. உங்கள் அம்மாவுக்கு எழுதிய நைட்ரோஃபுரான்டோயின் முதல் கூட்டம். அசித்ரோமைசினும் மெரோபெனமும் இரண்டாவது. கோலிஸ்டினும் லினெசோலிட்டும் மூன்றாவது. இந்த வரிசை பவரை வைத்துப் போட்டது இல்லை, எதைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பதை வைத்துப் போட்டது.

அம்மா விஷயத்தில் மருத்துவரிடம் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, சமீபத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தார்களா என்று. சிறுநீரகம் ரொம்பவே தளர்ந்திருந்தால் இந்த மருந்து சிறுநீரில் போதுமான அளவு சேராது, பக்கவிளைவும் கூடும். இரண்டு, கல்ச்சரில் வந்தது ஈ கோலிதானா என்று. குளிரோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி, இதில் ஏதாவது தொடங்கினாலோ, மூன்றாம் நாளிலும் எரிச்சல் குறையாவிட்டாலோ மாத்திரை முடியும்வரை காத்திருக்காமல் அன்றே திரும்பப் போய்க் காட்டுங்கள். குணமாகிவிட்டால் மறுபடி கல்ச்சர் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இந்த வயதில் தொந்தரவு எதுவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி தெரிவது சகஜம், அதற்கெல்லாம் மருந்து கொடுக்கக் கூடாது. மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காமல் சாப்பாட்டோடு கொடுங்கள், குமட்டல் குறையும், மருந்தும் நன்றாக உடம்பில் சேரும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகவோ தேநீர் நிறத்திலோ போகலாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அது மருந்தின் நிறம்தான்.